ஒரு பற்றரி, பத்து வாற், ஏழு மெகாஹேர்ட்ஸ்: எந்த விரியலாக்கியைக் கட்டுவது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்குக் கரையான படுவான்கரையில் இருக்கும் நண்பன் ஒருவன் அமெச்சூர் வானொலி லைசென்ஸ் எடுத்த கையோடு கல்லடியில் இருக்கும் என் கடைக்கு வந்தான். கையில் யூ.பி.எஸ்ஸுக்குள் இருந்து கழற்றிய 12 வோல்ற், 7 ஆம்பியர்மணிப் பற்றரி ஒன்று. மேசையில் வைத்துவிட்டுக் கேட்டான்: “மச்சான், வெள்ளம் வந்தா எங்கட பக்கம் றோட்டும் இல்ல, கரண்டும் இல்ல. இந்த ஒரு பற்றரியில ஒரு நாள் முழுக்க செற் ஓட வேணும். கடைசிக் கட்டத்துக்கு என்னத்தப் போடுற?”

கடைசிக் கட்டம் என்று அவன் சொன்னது, அன்ரனாவுக்கு வலுவைத் தள்ளிவிடும் விரியலாக்கியை. கடையில் நாங்கள் அம்பிளிஃபயர் என்றுதான் சொல்வோம். பற்றரியில் இருப்பதில் பெரும்பங்கைத் தின்பது அதுதான் என்று அப்போது நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் பாதிதான் சரி என்பது கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பில் மாரி எப்படி வரும் என்று எழுவான்கரைக்காரனுக்கும் படுவான்கரைக்காரனுக்கும் யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1978 நவம்பர் சூறாவளியை வயதானவர்கள் இன்னும் நேற்று நடந்ததுபோல்தான் சொல்வார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே அமெச்சூர்காரர்கள் சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். 2022இல் நாளுக்குப் பல மணிநேரம் கரண்ட் போனபோது செல்போன் கோபுரங்களின் பற்றரிகளே இளைத்துப்போனதை எல்லோரும் பார்த்தோம். ஆகவே தன் கையில் இருக்கும் பெட்டி தன் பற்றரியிலேயே ஓட வேண்டும் என்று ஒருவன் நினைப்பது பகல்கனவு அல்ல.

தேவையை முதலில் எழுதிக்கொண்டோம். மீடிறன் 7 மெகாஹேர்ட்ஸ். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 220 கிலோமீற்றர். தாழக் கட்டிய அன்ரனாவிலிருந்து அலை நேராக மேலே போய், உயரத்தில் இருக்கும் மின்னேற்ற அடுக்கான அயனமண்டலத்தில் பட்டு, குடை விரித்தாற்போல் நாடு முழுக்க விழுவதற்குப் பகலில் இந்த அலைவரிசை நன்றாக உதவும். வலு 10 வாற். மூலம் 12 வோல்ற். கையில் கிடைக்கும் திரான்சிஸ்டர் ஐ.ஆர்.எஃப் 510. தாங்கும் மின்னழுத்தம் 100 வோல்ற், திறந்திருக்கும்போது, அதாவது மின்னோட்டம் ஊடாகப் போகும்போது, தடை 0.54 ஓம், விலை ஒரு கொத்துரொட்டிக்கும் குறைவு. உலகம் முழுக்க வீட்டில் செற் கட்டுகிறவர்களுக்கு இது பழகின சாமான்.

முதல் தெரிவு, எல்லோருக்கும் தெரிந்த ஏபி வகுப்பு நேர்கோட்டு விரியலாக்கி. இதில் திரான்சிஸ்டர் பாதி திறந்து பாதி மூடியே வேலை செய்யும். அதாவது அதன் மேல் அழுத்தமும் இருக்கும், ஊடாக மின்னோட்டமும் போகும். இரண்டையும் பெருக்கினால் வருவது வெப்பம். இதன் கிட்டிய உறவான பி வகுப்பின் வினைத்திறனுக்கு, அதாவது இழுக்கும் வலுவில் வெளியே போகும் பங்குக்கு, கோட்பாட்டு உச்சம் 78.5 சதவீதம். 12 வோல்ற்றில், 7 மெகாஹேர்ட்ஸில், வீட்டில் கட்டிய ஏபி வகுப்பில் பாதி கிடைத்தால் நல்லது. பத்து வாற் கொடுக்க இருபது வாற் இழுக்கும். மிச்சப் பத்தும் வெப்பத்தகட்டுக்குப் போகும். மாரிக் குளிருக்கு வேண்டுமானால் கை காயலாம். அதற்குரிய பெருமை ஒன்று உண்டு: உள்ளே வருவதை அப்படியே பெரிதாக்கும். குரலை அனுப்ப வேண்டுமென்றால் அது அவசியம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மற்ற வழிகள் எல்லாம் ஆளி வகை. திரான்சிஸ்டரைச் சுவரில் இருக்கும் சுவிச்போல நடத்துவது. மூடியிருக்கும்போது மின்னோட்டம் இல்லை, திறந்திருக்கும்போது அழுத்தம் இல்லை. எனவே பெருக்கல் பூச்சியம், வெப்பமும் பூச்சியம். தாளில் வினைத்திறன் 100 சதவீதம். தாளில் என்றுதான் சொன்னேன்.

ஏனென்றால் 7 மெகாஹேர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு உள்ள நேரம் ஏறக்குறைய 143 நானோசெக்கன். அதற்குள் ஒரு தடவை திறந்து ஒரு தடவை மூட வேண்டும். ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தில் சக்தி கொட்டுப்படும். ஒன்று, திரான்சிஸ்டரில் மின்னோட்டம் உள்ளே வரும் காலான ட்ரெயினுக்குள் ஒட்டியிருக்கும் கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை. அது அழுத்தத்துக்கு ஏறி நிற்கும்போது ஆளியைத் திறந்தால், அதில் சேர்ந்திருந்தது முழுவதும் திரான்சிஸ்டருக்குள்ளேயே எரிந்துபோகும். இரண்டு, கேற், ஆளியைத் திறந்து மூட வைக்கும் கால். கேற் என்பதும் ஒரு கொள்ளளவிதான். அதை நிரப்பிக் காலி செய்வதற்கென்றே தனியாக வலு வேண்டும். ஐ.ஆர்.எஃப் 510இன் கேற் மின்னேற்றம் 8.3 நானோகூலோம். 10 வோல்ற்றில், செக்கனுக்கு 70 இலட்சம் தடவை என்று பெருக்கிப் பாருங்கள்: 0.58 வாற். வெளியே ஒரு வாற்கூட அனுப்பாமல், கதவைத் திறந்து மூடுகிற கூலி மட்டும் அது. இந்த எண்ணை நண்பனுக்குச் சொன்னதும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

டி வகுப்பு இதில் நேரான ஆள். இரண்டு திரான்சிஸ்டர், நடுவில் மின்மாற்றி, ஒன்று திறக்கும்போது மற்றது மூடும். ட்ரெயினில் சதுர அலை. அதன் அடிப்படை மீடிறனை மட்டும், சுருளும் கொள்ளளவியும் சேர்ந்த பரிவுச் சுற்று வடித்து அன்ரனாவுக்கு அனுப்பும். ட்ரெயினில் வரும் உச்ச அழுத்தம் மூலத்தின் இரண்டு மடங்குதான், 24 வோல்ற். 100 வோல்ற் தாங்கும் சாமானுக்கு இது விளையாட்டு. சுமை, அதாவது அன்ரனாப் பக்கம், கொஞ்சம் பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். மத்தியலை வானொலி நிலையங்களின் இன்றைய திண்மநிலைப் பரப்பிகள் பலவும் இந்த வகுப்பில்தான் ஓடுகின்றன.

ஆனால் மத்தியலை ஒரு மெகாஹேர்ட்ஸ் பக்கம்; நாங்கள் இருப்பது ஏழில். ஐ.ஆர்.எஃப் 510இன் வெளியீட்டுக் கொள்ளளவம் 25 வோல்ற்றில் ஏறக்குறைய 81 பிக்கோபரட். அழுத்தம் குறையக் குறைய அது இன்னும் கூடும். இரண்டு ட்ரெயினும் ஒவ்வொரு சுற்றிலும் 24 வோல்ற் ஏறி இறங்கினால் குறைந்தது 0.65 வாற் அங்கேயே போகும். இரண்டு கேற்றுக்கும் சேர்த்து 1.16 வாற். திறந்த தடையில் அரை வாற்றுக்குக் கிட்ட. வடியிலும் சுருளிலும் இன்னொரு அரை. கூட்டினால் பத்து வாற் கொடுக்க 12.8 வாற் அளவில் வேண்டும். கேவலமில்லை. ஏபி வகுப்பின் இருபதோடு ஒப்பிட்டால் மிக நன்று. இதையே 1.8 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் கட்டினால் கேற், கொள்ளளவ இழப்புகள் இரண்டும் கால்வாசிக்கு இறங்கிவிடும்; அங்கே நான் யோசிக்காமல் டி வகுப்பையே சொல்வேன். ஏழில் அதைவிடக் கெட்டிக்காரன் ஒருவன் இருக்கிறான்.

ஈ வகுப்பு. பெயரில்தான் ஈ, வேலையில் எறும்பு. அமெரிக்காவில் நேதன் சோக்கலும் அலன் சோக்கலும் 1975இல் வெளியிட்ட வடிவமைப்பு. ஒரேயொரு திரான்சிஸ்டர் போதும். டி வகுப்பில் எதிரியாக இருந்த அந்த ட்ரெயின் கொள்ளளவத்தை இதில் கூட்டாளியாக எடுத்துக்கொள்வதுதான் சூட்சுமம்.

வாவியில் தோணியில் வந்து துறையில் இறங்குகிறவனைப் பாருங்கள். தோணி கரையைத் தொட முன்னம் குதித்தால் தண்ணீருக்குள் விழுவான். தொட்ட பிறகும் தோணி நகர்ந்துகொண்டிருந்தால் தடுமாறுவான். தொட்டு, அசைவு நின்ற பிறகு கால் வைத்தால் நனையாமல் இறங்கலாம். ஈ வகுப்பில் ட்ரெயின் அழுத்தம்தான் தோணி. ஆளி மூடியதும் அழுத்தம் மேலே ஏறும், பரிவுச் சுற்று அதை இழுத்துக் கீழே கொண்டுவரும். அது பூச்சியத்தைத் தொட்டு, சரிவும் பூச்சியமாகி நிற்கும் அந்தக் கணத்தில்தான் ஆளி திறக்க வேண்டும். கொள்ளளவி காலியாக இருக்கும்போது திறப்பதால் எரிவதற்கு அதற்குள் ஒன்றும் இல்லை.

கணக்கும் இலகு. சுமைத் தடை, மூல அழுத்தத்தின் வர்க்கத்தை 0.577ஆல் பெருக்கி வலுவால் வகுத்தால் வரும். 12 வோல்ற், 10 வாற் என்றால் 8.3 ஓம். ஆளிக்குக் குறுக்கே வர வேண்டிய கொள்ளளவம் ஏறக்குறைய 500 பிக்கோபரட். அதில் ஒரு பங்கைத் திரான்சிஸ்டரே உள்ளுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. மிச்சத்தை நாங்கள் வெளியே போட்டால் சரி. இந்த எண்கள் தொடர்ச் சுருளின் கியூ, அதாவது பரிவின் கூர்மையைச் சொல்லும் எண், மிகப் பெரிதென்று வைத்துக்கொண்டு வந்தவை. கியூ 5 என்று வைத்தால் வலு பத்து சதவீதம்போல் குறையும், அதற்கேற்பச் சுமைத் தடையைச் சற்றுக் கீழே இறக்க வேண்டும். கியூவைக் கூட்டினால் கணக்கு அழகாக வரும், ஆனால் அந்தச் சுருளிலேயே இழப்பும் கூடும். சிவப்பு நிற இரும்புத்தூள் வளையத்தில் சுற்றிய நல்ல சுருளில், கியூ 5க்கு இரண்டு மூன்று சதவீதம் போகும். அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். திறந்த தடையில் 0.9 வாற். கேற்றில் 0.58. சுருளிலும் வடியிலும் அரை. மொத்தம் ஏறக்குறைய இரண்டு. பத்து வாற் கொடுக்க 12 வாற். டி வகுப்பைவிட முக்கால் வாற்தான் மிச்சம். அவ்வளவுதானா என்று கேட்டால், அவ்வளவுதான். ஆனால் ஒரு திரான்சிஸ்டர் குறைவு, ஒரு மின்மாற்றி குறைவு, எதிரெதிரே இரண்டு கேற்றைத் தள்ள வேண்டிய தலையிடி இல்லை.

இந்த இடத்தில் நண்பன் ஒரு கெட்டிக்கார யோசனை சொன்னான். “ரெண்டு திரான்சிஸ்டரப் பக்கத்தில பக்கத்தில போட்டா தடை பாதியாகும்தானே?” ஆகும். 0.9 வாற் 0.44 ஆகும். மறுகா கேற் இரண்டாகும், 0.58 இருந்தது 1.16 ஆகும். கூட்டிப் பார்த்தால் முன்பு 1.48, இப்போது 1.6. காசையும் கொடுத்து பற்றரியையும் கொடுத்த கதை. ஆளி வகை விரியலாக்கியில் வினைத்திறனைக் கூட்டுகிறேன் என்று தடை குறைந்த பெரிய திரான்சிஸ்டரை மாட்டுகிறவர்கள் அதிகம் பேர் விழுகிற குழி இதுதான். தடை குறையும்போது உள்ளே இருக்கும் சிலிக்கன் பரப்புக் கூடும். பரப்புக் கூடினால் கேற் மின்னேற்றமும் கூடும். கணினி மின்வழங்கியில் இருந்து கழற்றிய பெரிய மொஸ்ஃபெற் ஒன்றை நானும் ஒருகாலம் ஆசையோடு போட்டுப் பார்த்தவன்தான். அதன் கேற்றை ஓட்டி விட்ட ஐசிக்கு மேல் விரல் வைக்க முடியவில்லை.

இந்தக் குழியிலிருந்து உண்மையாக வெளியே வருகிற வழி, சிலிக்கனுக்குப் பதில் காலியம் நைத்திரைட்டில் செய்த திரான்சிஸ்டர். அதே வேலைக்கு அதன் கேற் மின்னேற்றம் ஒரு நானோகூலோம் பக்கம் இறங்கும். 5 வோல்ற்றில் தள்ளினால் கேற் கூலி 0.04 வாற்றுக்கும் குறைவு. வெளியீட்டுக் கொள்ளளவமும் சிறிது. எதிர்காலம் அதில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் வேலைக்கு இல்லை. பல சாமான்களுக்குக் கால்களே கிடையாது, அடியில் ஈயப் பொட்டுகள்தான். வெறுங்கையால் ஈயம் பிடித்து ஒட்ட முடியாது. கேற் 6 வோல்ற்றைத் தாண்டினால் பல சாமான்கள் செத்துப்போகும். வெள்ளத்துக்கு நடுவில் ஒன்று போனால் மாற்று எடுக்க எங்கே போவது? அரை வாற் மிச்சம் பிடிக்க இந்தப் பயத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று பார்த்தால், வேண்டாம்.

எஃப் வகுப்பு என்றும் ஒன்று உண்டு. இரண்டாம், மூன்றாம் இசையங்களை (மீடிறனின் இரண்டு, மூன்று மடங்கில் வரும் அலைகளை) தனித்தனிச் சுற்று வைத்துக் கட்டுப்படுத்தி ட்ரெயின் அலையைச் சதுரமாக்குவது. ஏழு மெகாஹேர்ட்ஸில் அந்த ஒவ்வொரு சுருளும் தன் பங்கு இழப்போடு வரும். அதை மிக உயர் மீடிறன்காரர்களுக்கு விட்டுவிடுவோம்.

சரி, ஈ வகுப்பின் குறையையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இது விளம்பரம் ஆகிவிடும். அதன் உச்ச ட்ரெயின் அழுத்தம் மூலத்தின் 3.56 மடங்கு. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பற்றரியில் 14.4 வோல்ற் இருந்தால் 51 வோல்ற். 100 வோல்ற் சாமானுக்கு நல்ல இடைவெளி. 24 வோல்ற் கொடுத்தால் 85. அப்போது இடைவெளி ஒரு பனையோலை அகலம். அதுவும் சுமை சரியாக இருக்கும்போது வருகிற எண். சுமை பிசகினால் தோணி கரைக்கு வராது, அல்லது வந்து மோதும்.

என் வளவில் அதுதான் நடந்தது. இரண்டு தென்னைக்கு நடுவே 20 மீற்றர் இருமுனை அன்ரனா கட்டி, முதல் சுற்றுப் பலகையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். அலையை வரைந்து காட்டும் ஸ்கோப்பில் ட்ரெயின் அலை அழகான மேடுபோல் ஏறி, பூச்சியத்தில் மெதுவாக உட்கார்ந்தது. வெப்பத்தகடு இளஞ்சூடு. நண்பன் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த நேரம் வீசிய ஒரு காற்றில் காய்ந்த மட்டையொன்று கழன்று கம்பிக்கு மேலே விழுந்து, கம்பி ஒரு பக்கம் தாழ்ந்து முருங்கையில் சாய்ந்தது. ஸ்கோப்பைத் திரும்பிப் பார்ப்பதற்குள் மேடு கோணலாகி, பூச்சியத்துக்கு வராமலேயே செங்குத்தாக வெட்டி விழத் தொடங்கியிருந்தது. பிறகு ஒரு மெல்லிய மணம். ஃபியூஸ் போனதற்கு முன்னமே திரான்சிஸ்டர் போய்விட்டது. மூன்று காலும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் மீற்றர் காட்டியது.

அந்தச் சாவிலிருந்து கற்றுக்கொண்டதை அடுத்த பலகையில் வைத்தோம். ஃபியூஸை 1.5 ஆம்பியருக்கு இறக்கினோம். அன்ரனாவைச் சரிசெய்யும்போது மூலத்தை 6 வோல்ற்றுக்கு மாற்ற ஒரு ஆளி. வலு அழுத்தத்தின் வர்க்கத்தோடு போவதால் பாதி அழுத்தத்தில் கால்வாசி வலுதான் வரும், பிசகினாலும் சாமான் தப்பும். திரும்பி வரும் அலையை அளக்கும் சின்னச் சுற்று ஒன்றும் சேர்த்தோம்; அது கூடினால் கேற் ஓட்டத்தை நிறுத்திவிடும். டி வகுப்பு என்றால் இவ்வளவு பயப்பட வேண்டியிருக்காது. அதை ஒத்துக்கொள்கிறேன்.

அலையைப் பார்த்து இசைக்கிற முறையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளி திறக்கும் நேரத்தில் அலை பூச்சியத்துக்கு மேலே நின்று, அங்கிருந்து செங்குத்தாக விழுந்தால் குறுக்குக் கொள்ளளவி பெரிது, அல்லது சுமைத் தடை கூட. அலை உச்சியில் மிக உயர்ந்து, நேரத்துக்கு முன்னமே பூச்சியத்தைத் தொட்டுக் கிடந்தால் கொள்ளளவி சிறிது. ஸ்கோப்பின் பத்து மடங்கு முனையே பத்துப் பன்னிரண்டு பிக்கோபரட் சேர்க்கும். 500க்குள் அது கணக்கில்லை. ஸ்கோப் இல்லாதவர்கள் ஆம்பியர் மீற்றரையும் வலு மீற்றரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விரலை மட்டும் வைக்க வேண்டாம். ஐ.ஆர்.எஃப் 510இன் உலோக முதுகும் ட்ரெயினும் ஒன்று. அங்கே 50 வோல்ற் உயர்மீடிறன் இருக்கும்போது தொட்டால் வெள்ளையாக ஒரு சின்னப் பொட்டுச் சுடும், ஆற ஒரு கிழமை எடுக்கும்.

காத்தான்குடியில் பழைய றேடியோக்களைத் திருத்துகிற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒருவர் இருக்கிறார். எங்கள் தாள்களை எல்லாம் மூக்குக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு அவர் கேட்டது: “தம்பி, முக்கால் வாற்றுக்கு இந்தப் பாடு படுறீங்களே, அன்ரனாவுக்குப் போற வயர் எத்தின மீற்றர்?” பதினைந்து மீற்றர் மெல்லிய ஆர்.ஜி 58. அதில் அரை டெசிபெல்லுக்குச் சற்று மேலே இழப்பு. அன்ரனாவுக்குப் போக முன்னம் பத்து சதவீதத்துக்கு மேல், அதாவது ஒரு வாற்றுக்கும் கூட, வயரிலேயே காணாமற்போகிறது. பற்றரியிலிருந்து பெட்டிக்கு வரும் வயரையும் தூக்கிக் காட்டினார். மணியடிக்கும் வயர்போல மெலிசு. முனைகளில் உப்புக்காற்றுப் பச்சை பூத்திருந்தது. அளந்தால் போய்வர 0.4 ஓம். ஒரு ஆம்பியருக்கு 0.4 வாற். நாங்கள் காலியம் நைத்திரைட்டில் தேடிய அரை வாற் ஏறக்குறைய முழுவதும் அந்தப் பச்சைக்குள் கிடந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. தடித்த வயர், புது முனை, பெட்டியை அன்ரனாவுக்குக் கிட்ட நகர்த்தி வயரை ஐந்து மீற்றராக்கியது. அரை நாள் வேலை.

இனி அந்தப் பற்றரிக் கணக்கு. 84 வாற்மணி என்று எழுதியிருந்தாலும் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் போகும்; 42 என்று வைத்தோம். மணிக்குப் பத்து நிமிடம் மோர்ஸ் அனுப்பினால் சாவி உண்மையில் கீழே இருப்பது ஐந்து நிமிடம்போல. ரிசீவர் எந்நேரமும் 100 மில்லியம்பியர், அதாவது மணிக்கு 1.2 வாற்மணி. ஏபி வகுப்பில் மணிக்கு அனுப்பும் செலவு 1.67, மொத்தம் 2.87; பற்றரி பதினான்கரை மணிநேரம் ஓடும். ஈ வகுப்பில் அனுப்பும் செலவு 1, பத்தொன்பது மணிநேரம். நாலரை மணிநேரம் கூடுதல், நல்ல இலாபம்தான். அதே ஈ வகுப்பில் வலுவை 5 வாற்றுக்கு இறக்கினால்? இருபத்திநாலரை மணிநேரம். அவன் கேட்ட ஒரு நாள் அங்கேதான் வருகிறது.

வலுவைப் பாதியாக்குவது மூன்று டெசிபெல். கேட்கிறவரின் மீற்றரில், சைகையின் பலத்தைக் காட்டும் எஸ் அலகில், அரை எஸ் அளவு. பெரும்பாலான நேரம் அவருக்கு வித்தியாசமே தெரியாது. சிறு வலு செற் கிற்றுகளை விற்கும் கியூ.ஆர்.பி லாப்ஸ் 2017இல் வெளியிட்ட கியூ.சி.எக்ஸ் கிற்றில் மூன்று சின்ன பி.எஸ் 170 திரான்சிஸ்டரை ஈ வகுப்பில் போட்டு ஐந்து வாற் அளவு எடுத்தார்கள். அதை வைத்து உலகம் முழுக்கப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கேற்றும் சிறிது, கூலியும் சிறிது. ஐந்து வாற்றே போதும் என்று முதல் நாளே முடிவெடுத்தால் ஐ.ஆர்.எஃப் 510ஐ விட அந்த வழி இன்னும் மலிவு. நாங்கள் பத்து வாற் கட்டியதற்குக் காரணம், இரவில் மின்னல் இரைச்சலுக்குள்ளால் தள்ள வேண்டிவரும் என்ற பயம்.

கடைசியாகக் குரல். “மோர்ஸ் எனக்குத் தெரியும், என்ர வீட்டில ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஈ வகுப்புக்கு உள்ளே வருவதின் பெரிது சிறிது தெரியாது. இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். மோர்ஸுக்குச் சரி. எஃப்.டி.8 போன்ற, வலு மாறாமல் மீடிறன் மட்டும் மாறும் டிஜிற்றல் முறைகளுக்கும் சரி. அதிலும் பதினைந்து செக்கன் கட்டத்தில் 12.6 செக்கன் விடாமல் அனுப்ப வேண்டியிருப்பதால் வினைத்திறனின் அருமை அங்கேதான் உண்மையாகத் தெரியும். ஆனால் சிற்றலையில் அமெச்சூர்காரர்கள் பேசப் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல் ஈ வகுப்பில் நேராகப் போகாது. குரல் அலையின் உருவத்தையும் (அது பெரிதாகிச் சிறிதாகும் விதம்) கட்டத்தையும் (அது எந்தக் கணத்தில் ஏறி இறங்குகிறது என்பது) பிரித்து, உருவத்தை மூல அழுத்தத்தில் ஏற்றுகிற முறையொன்றை லெனார்ட் கான் 1952இலேயே சொல்லியிருக்கிறார். செய்யலாம். செய்ய இன்னொரு ஆளி வகை மின்வழங்கியும், இரண்டு வழிகளின் நேரத்தையும் ஒன்றாக்கும் பொறுமையும் வேண்டும். அதற்குள் இரண்டு மாரி போய்விடும்.

ஆகவே பெட்டிக்குள் இரண்டு பலகை வைத்தோம். மோர்ஸுக்கும் டிஜிற்றலுக்கும் ஈ வகுப்பு, ஐந்து வாற்றிலும் பத்து வாற்றிலும். குரலுக்குச் சின்ன ஏபி வகுப்பு, ஐந்து வாற் மட்டும். வீட்டில் இருக்கிறவர்கள் அவசரத்தில் இரண்டு வசனம் பேசுவதற்கு, அதுவும் லைசென்ஸ் உள்ள இவன் பக்கத்தில் இருக்கும்போது. முன்பக்கத்தில் ஒரு ஆளி இரண்டையும் மாற்றும். குரல் பக்கத்தில் நண்பன் சிவப்பு மையால் ‘பற்றரி தின்னும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறான்.

இப்போது மேசையில் கிடப்பது ரிசீவர். ஐந்து வாற் ஈ வகுப்பில் மணிக்கு 1.7 வாற்மணி செலவென்றால் அதில் 1.2 கேட்பதற்கே போகிறது. அந்த 100 மில்லியம்பியரை 50க்கு இறக்கினால் இதே பற்றரி 38 மணிநேரம் ஓடும். டிஸ்பிளேயின் வெளிச்சத்தை நிறுத்தியதில் முதல் 18 மில்லியம்பியர் கிடைத்தது. மிச்சம் 32ஐ ஒலி விரியலாக்கியில் தேடிக்கொண்டிருக்கிறோம்.